மணமில்லாத கூடை

"அப்பப்பா, ரீச்சர் ஒரு மீன்கூடை கொண்டுவரச் சொன்னவ. மணமில்லாத கூடை."

என் மகன் ரவியின் மகள் அபி போன கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று இதைச் சொன்னாள். கலைவிழாவாம். மீனவர் நடனமாம். அவளும் ஆடுகிறாளாம். சொல்லிவிட்டு இடுப்பில் இல்லாத கூடை ஒன்றை வைத்து இரண்டு சுற்றுச் சுற்றியும் காட்டினாள். நன்றாகத்தான் சுற்றினாள். எனக்குக் கையில் இருந்த தேநீர் இறங்கவில்லை. தேநீரில் ஒரு பிழையுமில்லை. அந்தச் சொல்லில்தான் பிழை. மணமில்லாத.

பிள்ளைகளே, உங்களில் இளையவர்கள் என்னிடம் பலதரம் கேட்டிருக்கிறீர்கள், பெரியக்கா ஏன் பள்ளிக்கூடக் கலைவிழா என்றால் மட்டும் தலையிடி என்று படுத்துவிடுகிறா என்று. நான் ஏதோ சொல்லி மழுப்பியிருக்கிறேன். இப்போது அபியும் ஆட வெளிக்கிட்டுவிட்டாள், இனி மழுப்பிச் சரிவராது. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறான், சின்ன ரகரம் பெரிய றகரம் மாறிக் கிடந்தால் திருத்தி வாசியுங்கள்.

முதலில் இந்த மணம் என்ற சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்ப் பேச்சில் மணம் நல்ல சொல் அல்ல. "மணக்குது" என்று ஒருவர் சொன்னால் மூக்கைப் பொத்து என்று அர்த்தம். புத்தகத்திலோ அது மல்லிகைக்கும் சந்தனத்துக்கும் உரியது. இந்த வித்தியாசத்தை நான் படித்தது தமிழ்ப் பாடத்தில் இல்லை, சித்திரப் பாடத்தில்.

எங்கள் காலத்துச் சித்திர வாத்தியாரின் படிப்பித்தல் முறை மிகவும் சுலபமானது. ஒவ்வொரு கிழமையும் ஒரு பிள்ளை வீட்டிலிருந்து ஒரு மரக்கறி கொண்டுவரவேண்டும். அவர் அதை மேசையில் வைப்பார். நாங்கள் அதைப் பார்த்துக் கீறவேண்டும். மணி அடித்ததும் மரக்கறி அவருடைய பையோடு வீட்டுக்குப் போய்விடும். கத்தரிக்காய், பூசணிக்காய், ஒருநாள் ஒரு முழு வாழைக்குலை. அந்தக் குலையைக் கீறி முடிக்க இரண்டு பாடம் வேண்டியிருந்தது, ஆனாலும் முதல் பாடத்தோடேயே குலை போய்விட்டது. மிச்சத்தை நினைவில் கீறினோம். என்னுடைய முறை வந்தபோது வீட்டில் மரக்கறி ஒன்றும் இல்லை. பருத்தித்துறைக் கரையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மணல் மட்டும்தான். நான் எழும்பி, "சேர், மீன் கொண்டுவரட்டோ? நல்ல பாரைமீன்?" என்று கேட்டேன்.

"சீ! மணக்கும். போய்க் கத்தரிக்காய் கொண்டுவா."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், என்னவோ பெரிய பகிடி விட்டுவிட்டதுபோல. பிறகு யோசித்துப் பார்த்தால், எட்டு வகுப்புப் படித்த நான் ஒரு மீனைக்கூடக் கீறவில்லை. கத்தரிக்காய் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நானே மீனைச் சுமந்தேன். கரையில் விடிய மீன் எடுத்து, பனையோலைக் கடகத்தில் போட்டு, ஈரச்சாக்கால் மூடி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கொடிகாமம் பக்கம் போவேன். வழி நெடுக வேலியும் வாசற்படலைகளும். உள்நாட்டு வீடுகளில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. "மீன், நில்லும்!" என்பார்கள். நானும் நிற்பேன். ஒரு படலை ஒரு நடன ரீச்சருடையது. உங்கள் பெரியக்கா படித்த பள்ளிக்கூடத்துக்கு அவ மாற்றலாகி வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தெரிந்த முகம் அல்லவா. வெள்ளிக்கிழமை தவிர ஒவ்வொரு நாளும் அவ மீன் வாங்குவா. செவுளை விரித்துப் பார்த்து, அமத்திப் பார்த்து, குனிந்து மோந்தும் பார்த்துத்தான் வாங்குவா. அப்போதெல்லாம் மூக்குப் பொத்தினதாக எனக்கு ஞாபகமில்லை.

பெரியக்கா அப்போது ஏழாம் வகுப்பு. தவமலர் என்று பேர் வைத்தாலும் வீட்டில் தவம்தான். நடந்து திரிய மாட்டாள், பாடித் திரிவாள். கரைவலை இழுக்கிறபோது ஆண்கள் படிக்கிற அம்பாப் பாட்டு முழுக்க அவளுக்குப் பாடம். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் "ஏலேலோ" என்று சொல்லி ஒன்றாக இழுக்கிற பாட்டு அது. பெரிய இலக்கியம் ஒன்றுமில்லை. வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டியை நக்கலடிக்கிறதுதான் அதில் பாதி.

"சம்மாட்டி வயித்தைப் பார் – ஏலேலோ
சாக்குமூட்டை போலை – ஏலேலோ
சாக்கை இழுங்கோடா – ஏலேலோ
சத்தம்போட்டு இழுங்கோடா – ஏலேலோ"

சம்மாட்டியே பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டு இழுப்பார். தவம் இதை முற்றம் கூட்டும்போது பாடுவாள். விளக்குமாறு "ஏலேலோ"வுக்குச் சரியாக விழும்.

அந்த வகுப்பில் பிள்ளைகள் சங்கீதம், நடனம், சித்திரம் மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்யவேண்டும். அவளுக்கு நடனம் என்றால் உயிர். ஆனால் எப்படியோ கரைப்பிள்ளைகள் எல்லாரும் சித்திர வகுப்பிலேயே இருந்தார்கள். அப்படிப் போ என்று ஒருவரும் சொல்லவில்லை. நடன வகுப்பில் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு வருஷமும் எங்கள் பிள்ளைகள் போவதற்குக் கொஞ்சம் முன்னர்தான் அது நிரம்பும்.

அந்த வருஷம் பெற்றார் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு நான் போனேன். கஞ்சி போட்ட சேட்டு. முந்தின நாள் மணம் போகத் தேசிக்காய் தேய்த்துக் குளிப்பு. எனக்குப் பக்கத்தில் சிவக்கொழுந்து அண்ணை, எங்கள் கரை ஆள். இரண்டு பேரும் பின் வரிசை வாங்கில்தான் இருந்தோம். அதையும் யாரும் சொல்லவில்லை, கால்கள் தாமாகவே போயின.

கூட்டத்தில் அன்று பெரிய விவாதம். ஒரு கிளார்க்கர் ஐயா எழும்பி, "உந்தச் சித்திரம் நடனம் எல்லாத்தையும் எடுத்துப்போட்டு அந்த நேரத்துக்குக் கணக்கைப் போடுங்கோ. ஆடினாப்போலை ஆர் கம்பசுக்கு எடுக்கிறாங்கள்?" என்று கேட்டார். பாதிப் பேர் கை தட்டினார்கள். அதிபர் சங்கடப்பட்டுச் சிரித்தார். நடன ரீச்சர் எழும்பினா. அவ பேசத் தொடங்கினால் மேடைத்தமிழ்தான். "கலை குழந்தைகளின் உள்ளத்தைப் பண்படுத்தும். ஏட்டுக்கல்வி மூளையை மட்டும் வளர்க்கும். கலையோ வேற்றுமைகளைக் களைந்து எல்லோரையும் ஒன்றாக்கும்."

"முதல்லை பின் வாங்கிலை நிக்கிற ஆணியைப் பண்படுத்தச் சொல்லு," என்றார் சிவக்கொழுந்து அண்ணை, வேட்டியை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

எனக்கோ அவவின் பேச்சு பிடித்திருந்தது. எல்லாரையும் ஒன்றாக்கும் என்றது நெஞ்சில் போய் இருந்தது. அடுத்ததாக அவ சொன்னா, பாடசாலைகளுக்கிடையிலான போட்டிக்கு மீனவர் நடனம் போடப்போகிறோம், கரையோரப் பெற்றார் ஒத்துழைக்கவேண்டும், கூடை, வலைத்துண்டு, பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒருவர். சொல்லிவிட்டு நேரே என்னைப் பார்த்து, "நீங்கள் உதவுவீர்கள்தானே?" என்றா.

நீங்கள்! படலையில் எனக்கு 'நீர்', இல்லையென்றால் 'மீன்'. அன்று கூட்டத்தில் நீங்கள். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் எழும்பின வேகத்தில் வாங்கு ஆடியது.

"ஓம் ரீச்சர், எல்லாம் தாறம். என்ரை மேளுக்கு அம்பா முழுக்கப் பாடம். அவள் சொல்லிக் குடுப்பாள்."

"நல்லது. பிள்ளையை அனுப்புங்கள்."

வழியில் சிவக்கொழுந்து அண்ணை கேட்டார், "உன்ரை பிள்ளையையும் ஆட விடுவினமோடாப்பா?"

"பின்னை? பாட்டுச் சொல்லிக் குடுக்கிறவள் ஆடாமல்?"

"எனக்குத் தெரியாது. வலையைக் கேட்டவை, கடகத்தைக் கேட்டவை. ஆக்களைக் கேட்டமாதிரித் தெரியேல்லை."

அவர் எதிலும் ஓட்டை பார்க்கிற மனுஷன் என்று நான் காதில் போடவில்லை.

கடகத்தை நான் கழுவின கழுவலை உங்கள் அம்மா சாகும்வரை சொல்லிச் சிரித்தா. சவர்க்காரம் போட்டு, தேசிக்காய் போட்டு, சாம்பல் போட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி முதலிலிருந்து. "பொம்பிளை பாக்க வரேக்கைகூட இவ்வளவு கழுவிக்கொண்டு வரேல்லை," என்றா. கடைசியில் சாம்பிராணிப் புகையும் பிடித்தேன். மோந்து பார்த்தால் கோயில் வாசலில் மீன் விற்கிற மாதிரி ஒரு மணம் வந்தது.

தவம் மதிய இடைவேளையில் நடனப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். எப்படிக் குதியை மணலில் ஊன்றுவது, கயிறு எப்படி இடுப்பால் வரும், எந்த இடத்தில் மூச்சுப் பிடிப்பது எல்லாம். வீட்டுக்கு வந்து எங்களுக்கும் காட்டுவாள். "அம்மா, நான் முன்னுக்கு நிக்கிறதோ நடுவிலை நிக்கிறதோ எண்டு ரீச்சர் இன்னும் சொல்லேல்லை." உங்கள் அம்மா தன்னுடைய கூறைச்சேலைக் கரையை வெட்டி அவளுக்குப் பாவாடைக்கு வைத்துத் தைத்தா. கூறைச்சேலையில் கத்தி வைப்பதா என்று நான் கேட்டதற்கு, "மேடையிலை எல்லாரும் பட்டோடை வருங்கள், என்ரை பிள்ளை மட்டும் சீத்தையோடையோ?" என்றா.

ஒருநாள் அவள் சிரித்துச் சிரித்து வந்தாள். ரீச்சர் பாட்டைத் திருத்திவிட்டாவாம். சம்மாட்டி வயிறு பண்பில்லையாம். புதிதாக இப்படி:

"மீன்மணம் கமழும் நெய்தலிலே – ஏலேலோ
மீனவர் வாழ்வு இனித்திடுமே – ஏலேலோ"

"அப்பா, உதைப் பாடிக்கொண்டு இழுத்தா வலை வராது. நித்திரைதான் வரும்."

நான் அந்த மீன்மணம் கமழும் என்பதைத்தான் பிடித்துக்கொண்டேன். பார், ரீச்சருக்கு எங்கள் மணம் பிடித்திருக்கிறது, பாட்டிலேயே வைத்திருக்கிறா என்று உங்கள் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

போட்டி கிட்டினதும் இரண்டாவது கூட்டம் வைத்தார்கள். ஆடுகிற பிள்ளைகளின் பெற்றாரும் ஆசிரியர்களும் மட்டும். எனக்கு அழைப்பு வரவில்லை. ஆனால் தவமும் ஆடுகிறவள்தானே என்று நானாகப் போனேன். அவளும் வந்து மண்டப விறாந்தையில் யன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் கடகம் முன்மேசையில் இருந்தது, வாசகசாலையில் பேப்பர் கிடக்கிற மாதிரி எல்லாரும் பார்க்க.

சேலை, சிமிக்கி, பஸ் என்று கதைத்து முடிந்த பிறகு ஒரு அம்மா எழும்பினா. "ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. அந்தக் கூடை மணக்குது. பிள்ளை இடுப்பிலை வச்சுப்போட்டு வந்து ஓங்காளிக்குது. சோறு தின்னுதில்லை."

இன்னொரு அம்மா, "என்ரை பிள்ளையின்ரை பட்டிலையும் பிடிச்சிட்டுது. தோய்ச்சும் போகேல்லை."

முதல் கூட்டத்தில் கணக்கைப் போடச் சொன்ன கிளார்க்கர் ஐயாவும் இருந்தார். அவருடைய மகள்தான் முன்வரிசையில் ஆடுகிறாள். "கலை எண்டா ஒரு சுத்தம் வேணும்," என்றார் இப்போது.

ரீச்சர் தலையாட்டினா. "நானும் கவனித்தேன். அட்டையில் கூடை செய்து தங்கத்தாள் ஒட்டிவிடுவோம். மணமிருக்காது."

அந்தக் கடகத்தில் வந்த மீனைத்தான் அந்த மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் அதுவரை தின்றிருந்தார்கள். எந்தெந்த வீடு, எந்தெந்த மீன் என்று எனக்குத் தெரியும். தின்கிறபோது கை நக்குகிறவர்கள், பாத்திரத்தைக் கண்டதும் வாந்தி எடுக்கிறார்கள். அருவருப்பு என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அது மற்றவர்களுக்கு எங்கள்மேல் வருகிற ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

எழும்பினேன். நான் சண்டைக்குப் போகவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

"ரீச்சர், பாட்டிலை மீன்மணம் கமழும் எண்டு நல்லதா வருது. கடகத்திலை மணக்குது எண்டு கூடாததா வருது. ரெண்டும் ஒரு மீன்தானே?"

கிளார்க்கர் ஐயா சிரித்துக்கொண்டு சொன்னார், "அது இலக்கிய மணம் ஐசே. இது வேறை."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அதிபரும் கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டார். ரீச்சர் சிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், அல்லது நான் பார்க்கவில்லை.

சிரிப்பு அடங்க நான் மற்றதையும் கேட்டேன். "என்ரை மேள் எந்த வரிசையிலை நிக்கிறாள்?"

ரீச்சர் இப்போது மேடைத்தமிழை விட்டுவிட்டா. மெல்ல, கனிவாகத்தான் கதைத்தா. "உங்கடை பிள்ளை நல்லாப் பாடுவாள். திரைக்குப் பின்னாலை நிண்டு பாடட்டும். மேடைக்கு... ஒரு மீனவப் பெண்ணின்ரை தோற்றம் எண்டு ஒண்டு இருக்குத்தானே. இந்தப் பிள்ளையளுக்கு அது பொருந்தி வந்திட்டுது."

பிள்ளைகளே, நான் சொல்வதை நிதானமாக வாசியுங்கள். என் பாட்டன் மீனவன், என் அப்பன் மீனவன், நான் மீன் விற்கிறவன். என் பிள்ளைக்கு மீனவப் பெண்ணின் தோற்றம் இல்லை என்று ஒரு ரீச்சர் கனிவாகச் சொன்னா, அதைக் கேட்டு ஒரு மண்டபம் தலையாட்டியது.

நான் யன்னலைப் பார்த்தேன். தவம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். கூறைக்கரை வைத்த பாவாடை அன்றைக்கே உடுத்திருந்தாள், எந்த வரிசை என்று சொன்னதும் நின்று காட்டலாம் என்று.

"பின்னாலை நிண்டு பாடுறியோ பிள்ளை?" என்று கேட்டேன். அவள் ஓம் என்றால் விட்டிருப்பேன். அவளுக்கு அந்தப் பாட்டிலும் ஆசை இருந்தது எனக்குத் தெரியும்.

அவள் அழவில்லை. "கடகத்தை எடுங்கோ அப்பா, போவம்," என்றாள்.

மேசையில் இருந்து எடுத்துக்கொண்டு நடுப்பாதையால் நடந்தேன். கடகம் வெறுமை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. அப்படியிருந்தும் இரண்டு பக்கத்து வாங்கிலும் அம்மாமார் சேலைக் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். வெளியில் வந்து கரியரில் கட்டப் பார்த்தேன். முடிச்சு விழவில்லை. தவம்தான் கட்டினாள்.

நடனத்துக்கு முதற்பரிசு கிடைத்தது. தங்கத்தாள் கூடைகளோடு படம் எடுத்து மண்டபத்துச் சுவரில் மாட்டினார்கள். கிளார்க்கர் ஐயா அடுத்த கூட்டத்தில் கலைக் கல்வியின் அவசியம் பற்றி நீளமாகப் பேசினார் என்று சிவக்கொழுந்து அண்ணை வந்து சொன்னார். "ஆணி அப்பிடியே நிக்குது," என்றும் சொன்னார்.

ரீச்சர் வழமைபோலப் படலையில் நின்று, "மீன், நில்லும்!" என்றா. நின்றேன். வயிறு இருக்கிறதே.

"என்ன மீன்?"

"இலக்கிய மீனில்லை ரீச்சர். மணக்கிற மீன்தான் இருக்கு."

"பகிடி விடாதையும். விளைமீன் இருக்கோ?"

இருந்தது. குனிந்து மோந்து பார்த்து வாங்கினா.

தவம் சித்திரத்தோடேயே இருந்துவிட்டாள். "அதுக்குக் குரல் தேவையில்லை," என்றாள். பிறகு முற்றம் கூட்டும்போது விளக்குமாற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. நானும் உங்கள் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்ப்போம். அந்தப் பாவாடையை அவளுக்குப் பிறகு உங்களில் ஒருத்தி உடுத்தாள், அது கூறைக்கரை என்று தெரியாமல்.

யுத்தம் வந்து போய், இப்போது அந்த மண்டபத்துக்குக் கூரை இல்லை, படம் மாட்டின சுவரும் இல்லை. ரீச்சர் எந்த நாட்டுக்கோ போய்விட்டா. மீன் றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பெட்டியில் ஐஸோடு லொறியில் போகிறது. கரையில் அம்பா படிக்கிறவர்கள் ஒருவரும் இல்லை, சம்மாட்டியின் வயிற்றுக்கு அடுத்த அடி என்ன என்று கேட்டால் எனக்கே தடுமாறுகிறது. ஆனால் அபி முந்தாநாள் முற்றத்தில் ஆடிக்காட்டும்போது பாடினாளே, மீன்மணம் கமழும் நெய்தலிலே என்று, அது ஒரு எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கிறது. இத்தனை அழிவுக்குள்ளும் அது எப்படித் தப்பியது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

நேற்று ஏணி வைத்து ஏறிப் பறணில் தேடினேன். கடகம் இருந்தது. நாங்கள் இடம்பெயர்ந்து போய் வந்ததற்குள்ளும் யாரும் எடுக்கவில்லை, யாருக்கு வேண்டும். ஓரம் பிய்ந்து, அடி பொத்துப்போயிருந்தது. தூசி தட்டி முகத்தை உள்ளே விட்டு மூச்சிழுத்தேன். ஒன்றுமில்லை. சவர்க்காரத்துக்கும் சாம்பலுக்கும் சாம்பிராணிக்கும் போகாத மணம், தானாகப் போயிருந்தது.

குசினியில் பெரியக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கொண்டுபோய்க் காட்டி, மணம் போட்டுது என்றேன். செதில் ஒட்டின கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினா. நிறைய நேரம் பார்த்தா. பிறகு குனிந்து மோந்தா.

"ஓம் அப்பா," என்றா. "இனி இதை மேடையிலை ஏத்துவினம்."